பி.வி.சி. இரண்டு திறந்தால் வேகம் இரட்டிப்பாகுமா?

வாசகர் கேள்வி, பாபநாசம், 14.06.2013

வீட்டில் டெலிபோன் கம்பியில் வரும் டி.எஸ்.எல். இணைப்பு. மோடத்தின் பக்கத்தைத் திறந்தால் பி.வி.சி. 0 முதல் 7 வரை எட்டு வரிசை இருக்கிறது. முதல் வரிசையில் மட்டும் 0/35 என்று எண், மற்ற ஏழும் காலி. மோடம் விற்ற கடைக்காரத் தம்பி, "இரண்டாவதையும் திறங்க, கியூ.ஓ.எஸ். இடத்தில் சி.பி.ஆர். வைங்க, பி.சி.ஆர். கட்டத்தில் பெரிய எண்ணாகப் போடுங்க, வேகம் டபுள் ஆகும்" என்கிறார். நேற்று அப்படியே செய்தேன். ஒரு நேரம் கூடியது போலத் தெரிகிறது, ஒரு நேரம் குறைந்தது போலத் தெரிகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பி.வி.சி. என்றால் எனக்கு போர்செட்டுக் குழாய்தான் தெரியும்.

14.06.2013, இரவு 10.40

ஆகாது.

நீடாமங்கலத்தில் எட்டு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். அந்த எட்டு வரிசையையும் திறந்து பார்த்து, எக்ஸ்சேஞ்சுக்கு நடந்து செருப்பைத் தேய்த்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு வருவது ஒரே ஒரு ஜோடி செப்புக் கம்பி. அதில் எல்லாமே 53 பைட் துண்டுகளாகப் போகிறது. துண்டுக்குப் பெயர் செல், இப்படி அனுப்பும் முறைக்குப் பெயர் ஏ.டி.எம். 48 பைட் சரக்கு, 5 பைட் முகவரிச் சீட்டு. சீட்டில் இரண்டு எண்கள்: வி.பி.ஐ., வி.சி.ஐ. உங்கள் 0/35 அதுதான். இந்த எண்ணால் குறிக்கப்படும் நிரந்தரத் தடத்துக்குத்தான் பி.வி.சி. என்று பெயர், குழாய் இல்லை. 35-இல் மந்திரம் ஒன்றும் இல்லை. வி.சி.ஐ.யில் 0 முதல் 31 வரை வலையமைப்பின் சொந்த வேலைக்கு ஒதுக்கிவிட்டார்கள், அதனால் வாடிக்கையாளர் எண் 32-இலிருந்துதான் ஆரம்பிக்கும். அவ்வளவுதான் விஷயம்.

இந்த எண் கம்பியின் இரண்டு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சில் எல்லா வீட்டுக் கம்பியும் வந்து சேரும் பெட்டியான டிஸ்லாமில் "இந்த போர்ட்டில் 0/35 வந்தால் இந்தப் பக்கம் அனுப்பு" என்று ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் வீட்டில் உட்கார்ந்து 0/36 திறந்தால், அது தலைமதகு இல்லாமல் வெட்டிய வாய்க்கால். வாய்க்கால் இருக்கும், தண்ணீர் வராது.

எங்கள் ஊர் மூணாறு தலைப்பைப் பார்த்திருப்பீர்கள். வெண்ணாறு வந்து அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. மூன்றாகப் பிரிந்ததால் தண்ணீர் மூன்று மடங்கு ஆனதாக இதுவரை எந்த விவசாயியும் சொல்லவில்லை.

கியூ.ஓ.எஸ். என்பது எந்தத் தடத்துக்கு எந்த முறையில் இடம் என்று சொல்லும் பகுதி. அதில் பி.சி.ஆர்., சி.பி.ஆர். கட்டங்களைத் தொடாதீர்கள். யு.பி.ஆர். என்று இருந்ததா? அப்படியே விடுங்கள். வீட்டுக்காரருக்கு அதில் ஒரு வேலையும் இல்லை.

15.06.2013, காலை 7.15

கேட்காமலே ஒரு கேள்வி வரும் என்பதால் சொல்லிவிடுகிறேன். உபயோகம் இல்லையென்றால் எட்டு வரிசை எதற்கு? சில நாடுகளில், சில நிறுவனங்களில், இணையத்துக்கு ஒரு தடம், தொலைக்காட்சிக்கு ஒரு தடம், பேச்சுக்கு ஒரு தடம் என்று ஒரே கம்பியில் கொடுக்கிறார்கள். பேச்சுத் தடத்துக்கு சி.பி.ஆர்., அதாவது இவ்வளவு இடம் எப்போதும் உனக்கென்று எடுத்துவைப்பது. இணையத்துக்கு யு.பி.ஆர்., மிச்சம் இருந்தால் எடுத்துக்கொள். மோடம் செய்கிறவன் எல்லா ஊருக்கும் ஒரே பெட்டி செய்கிறான். நம் வீட்டில் குடியிருப்பது ஒருவர்தான், மற்ற ஏழு அறையும் பூட்டு.

ஒரே ஒரு தடம் மட்டும் ஓடும்போது அதற்கு சி.பி.ஆர். என்று பட்டம் கொடுப்பது, தனியாகச் சாப்பிடுகிறவருக்கு முதல் பந்தியில் இடம் போடுவது மாதிரி.

நிஜமாகவே இரட்டிப்பு வேண்டுமென்றால் இரண்டு ஜோடி கம்பியைச் சேர்த்துக் கட்டும் முறை இருக்கிறது, ஜி.998.1 என்று அதற்குத் தரநிலைகூட இருக்கிறது. நம் எக்ஸ்சேஞ்சில் போய்க் கேட்டால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

15.06.2013, மாலை

பாபநாசம் அண்ணன் "பெரிய எண்ணாக 4000 போட்டேன்" என்கிறார். போனால் போகிறது. பெரிய எண்ணால் கெடுதல் இல்லை, கம்பியின் வேகத்துக்கு மேல் போட்டால் மோடம் கம்பியின் வேகத்திலேயே நிற்கும். கெடுதல் சின்ன எண்ணில்தான். அந்தக் கதை என்னுடையது.

போன வருஷம் எனக்கும் ஞானம் பிறந்தது. மேலேற்றும் வேகம் 512 கே.பி.பி.எஸ். (நொடிக்கு 512 ஆயிரம் பிட்) என்று மோடம் காட்டியது. பி.சி.ஆர். என்றால் உச்ச வேகம் என்று எங்கோ படித்தேன். சரி, உச்ச வேகம் 512 என்று கட்டத்தில் போட்டு சேமித்தேன். மூன்று வாரம் கடையில் ரகளை, ஏற்றுவதும் மெது, இறக்குவதும் மெது. போட்டோ, கையெழுத்து ஏற்ற வந்த பிள்ளைகள் பாதியில் நேரம் முடிந்து திரும்பத் திரும்ப ஏற்றினார்கள். காலை 10 மணி தட்கலுக்கு வந்தவர்கள் என்னை எப்படிப் பார்த்தார்கள் என்பதை எழுத வேண்டாம். நான் தினமும் எக்ஸ்சேஞ்சுக்கு போன். லைன்மேன் வந்து ஜாயிண்ட் மாற்றினார், ஸ்பிளிட்டர் மாற்றினார், பில்லர் பாக்ஸில் ஜோடியையே மாற்றினார். பாவம், மூன்று டீ குடித்துவிட்டுப் போனார்.

பி.சி.ஆர். கட்டம் கேட்பது கே.பி.பி.எஸ். இல்லை. நொடிக்கு எத்தனை செல் என்று கேட்கிறது. ஒரு செல் 53 பைட், 424 பிட். நான் போட்ட 512 செல் என்றால் 217 கே.பி.பி.எஸ். என் மதகை நானே பாதிக்கு மேல் இறக்கிவிட்டு, மேலே தண்ணீர் விடவில்லை என்று சண்டை போட்டிருக்கிறேன். 512 கே.பி.பி.எஸ். வேண்டுமானால் 1207 என்று போட்டிருக்க வேண்டும். என் மோடத்தில் 0 போட்டால் "கம்பியின் வேகம் எதுவோ அது" என்று அர்த்தம். இப்போது 0.

லைன்மேனிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

16.06.2013

"மேலேற்றும் வேகம் குறைந்தால் கீழிறக்குவதும் ஏன் மெதுவானது? பி.சி.ஆர். மேலேற்றும் பக்கத்துக்கு மட்டும்தானே?" என்று மன்னார்குடியிலிருந்து ஒருவர் மடக்குகிறார். நியாயமான கேள்வி. மோடத்தில் உள்ள எந்தக் கட்டமும் மோடத்திலிருந்து வெளியே போவதைத்தான் ஒழுங்குபடுத்தும். கீழே வருவதை உங்கள் பிளானுக்குத் தக்க மேலே இருக்கிறவர்கள் அளந்து விடுகிறார்கள்.

ஆனால் தரவு பாக்கெட் என்ற கட்டுகளாக வருகிறது, ஒவ்வொரு பாக்கெட்டையும் வெட்டித்தான் செல் ஆக்குகிறார்கள். கீழே வரும் ஒவ்வொரு இரண்டு பாக்கெட்டுக்கும் "வந்து சேர்ந்தது" என்று ஒரு ரசீது மேலே போக வேண்டும். 40 பைட் ரசீது. ரசீது போக வழியில்லை என்றால் அனுப்புகிறவன் நிறுத்திவிடுவான். உரமூட்டை வந்து இறங்கியும் கையெழுத்து போட ஆள் இல்லாமல் லாரி நிற்கிற கதை.

எவ்வளவு ரசீது? ஒரு முழு பாக்கெட் 1500 பைட், 48-ஆல் வகுத்தால் 31.25, ஆக 32 செல். 32 பெருக்கல் 53, 1696 பைட். 4 மெகாபிட்டில் இறக்கினால் நொடிக்கு 295 பாக்கெட். ரசீது 147. ஒவ்வொன்றும் 40 பைட், ஒரே செல்லில் அடங்கும், 53 பைட். பெருக்கினால் 62 கே.பி.பி.எஸ். வருகிறது. 217-இல் இது ஒன்றும் பெரிதில்லைதான். ஆனாலும் யாராவது போட்டோ ஏற்றும்போது இந்த ரசீதெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நின்றிருக்கும்.

16.06.2013, இரவு

மேலே உள்ள கணக்கு தப்பு. மன்னார்குடிக்காரர் பிடித்துவிட்டார்.

1500 பைட் என்று எழுதினேன். பி.பி.பி.ஓ.இ. இணைப்பில், அதாவது யூசர்நேம், பாஸ்வேர்ட் கொடுத்து நுழையும் இணைப்பில், 8 பைட் அதற்கே போய்விடும், உள்ளே போகும் பாக்கெட் 1492-தான். அதன்மேல் அந்த 8, ஈதர்நெட் தலைப்பு 14, எல்.எல்.சி. உறை 10, கடைசியில் ஏ.ஏ.எல்.5 வால் 8. மொத்தம் 40 பைட் சுமை. 1532. 48-ஆல் வகுத்தால் 31.9. ஆக 32 செல். வழியெல்லாம் தப்பு, விடை மட்டும் சரி. எங்கள் கணக்கு வாத்தியார் இதற்குச் சுழி போட்டிருப்பார்.

ரசீதில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 40 பைட் ரசீது, 40 பைட் சுமை, 80. இரண்டு செல். 106 பைட். 40 பைட் சொல்ல 106 பைட் செலவு! அப்படியென்றால் 147 ரசீதுக்கு 62 இல்லை, 125 கே.பி.பி.எஸ். என் 217-இல் பாதிக்கு மேல் ரசீதுக்கே போயிருக்கிறது. இப்போதுதான் எனக்கே அந்த மூன்று வாரம் முழுசாகப் புரிகிறது.

17.06.2013

எல்.எல்.சி.யை வி.சி. மக்ஸ் (அந்த உறையைச் சுருக்கும் இன்னொரு முறை) ஆக்கினால் 8 பைட் மிச்சமாகுமே என்று கேட்கிறார்கள். சுமை 40-லிருந்து 32 ஆகும். பெரிய பாக்கெட் அப்போதும் 32 செல், ரசீது அப்போதும் 2 செல். மிச்சம் பூஜ்யம். போதாததற்கு எதிர்முனை எல்.எல்.சி. பேசிக்கொண்டிருந்தால் இணைப்பே வராது.

எம்.டி.யூ.வை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை, 1448 ஆக்கினால் 31 செல்லில் கச்சிதமாக உட்காரும், ஒரு பைட் வீணாகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்தேன். லாபம் 0.2 சதவீதம்கூட இல்லை. வீட்டில் சொல்லவில்லை.

22.06.2013

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒருவர் "ஷேப்பிங்குக்கும் போலீசிங்குக்கும் என்ன வித்தியாசம், இரண்டும் வேகத்தைக் குறைப்பதுதானே" என்கிறார். கடைமடைக்காரர், இந்தக் கேள்வியை அவர்தான் கேட்பார்.

ஷேப்பிங் என்றால் தேக்கி வைத்து அளவாக விடுவது. அதிகமாக வந்தால் காத்திருக்கும், வீணாகாது, தாமதமாகும். பி.சி.ஆர். செய்வது இதுதான். ஒரு செல் போனபின் அடுத்த செல்லுக்கு இவ்வளவு இடைவெளி என்று தாளம் போட்டு விடும். போலீசிங் வேறு. அது காக்க வைக்காது. ஒப்பந்த அளவுக்கு மேல் வந்தால் தள்ளிவிடும். மேலணையில் வெள்ளம் வந்தால் காவிரிக்கு உரியதை விட்டுவிட்டு மிச்சத்தைக் கொள்ளிடத்தில் தள்ளுகிறார்கள் இல்லையா, அதுதான்.

எக்ஸ்சேஞ்ச் பக்கம் போலீசிங் இருக்கும் இணைப்பில்தான் மோடத்தின் பி.சி.ஆர்., எஸ்.சி.ஆர்., எம்.பி.எஸ். எல்லாவற்றுக்கும் அர்த்தம் வருகிறது. அவர்கள் தள்ளிவிடும் முன் நாமே அளவாக அனுப்பிவிடுவது. ஏனென்றால் 32 செல்லில் ஒன்று விழுந்தாலும் மிச்சம் 31-உம் குப்பை. முழு பாக்கெட்டையும் திரும்ப அனுப்ப வேண்டும். எஸ்.சி.ஆர். என்பது நெடுநேரச் சராசரி, எம்.பி.எஸ். என்பது உச்ச வேகத்தில் ஒரே மூச்சில் எத்தனை செல் விடலாம் என்பது. அலுவலக லீஸ் இணைப்புக்காரர்கள் இதைப் படிக்கட்டும், பாபநாசம் அண்ணன் தாண்டிப் போகலாம்.

23.06.2013

அணைக்கரை நண்பர் கோபமாக எழுதியிருக்கிறார். கொள்ளிடத்தில் போகும் தண்ணீர் வீண் இல்லையாம். கீழணையில் மறித்து வடவாற்றில் வீராணம் ஏரிக்குப் போகிறது, வந்து பார் என்கிறார்.

சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் என்னைத் திருத்தப் போய் என் உதாரணத்தைச் செழிப்பாக்கிவிட்டார். போலீசிங்கிலும் எல்லாவற்றையும் கடலில் விடுவதில்லை. செல்லின் சீட்டில் சி.எல்.பி. என்று ஒரே ஒரு பிட் உண்டு. அளவுக்கு மேல் வந்த செல்லுக்கு அதில் 1 குத்தி உள்ளே விடலாம். வழியில் இடம் இருந்தால் போய்ச் சேரும், நெரிசல் வந்தால் முதல் பலி அதுதான். வீராணம் போய்ச் சேர்ந்த தண்ணீர் சி.எல்.பி. 1 குத்திய தண்ணீர்.

07.07.2013

"வீட்டுக்காரருக்கு ஒரு வேலையும் இல்லை" என்று 14-ஆம் தேதி எழுதினேனே, அதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன்.

பி.சி.ஆர். கட்டத்தைப் பற்றி என் கருத்து மாறவில்லை. ஷேப்பிங் பற்றி மாறிவிட்டது.

என் கடையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஸ்கைப் கூட்டம். துபாயிலும் சிங்கப்பூரிலும் பிள்ளைகள் இருக்கும் வீட்டு அம்மாக்கள். மூலையில் ஒரு பையன் பெரிய கோப்பு ஒன்றை ஏற்ற ஆரம்பித்தால் ஸ்கைப் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. போன வாரம் ஒரு பாட்டி ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "பேரன் பேசுறான், நான் சொன்னதுக்கு இல்ல, அதுக்கு முந்தி சொன்னதுக்கு" என்றார். தாமதம் என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

பிங் போட்டுப் பார்த்தேன், அதாவது ஒரு சின்ன பாக்கெட் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று. சும்மா இருக்கும்போது 30 மில்லிசெகண்ட் சுற்றி. பையன் ஏற்றும்போது 1000-ஐத் தாண்டியது. பாக்கெட் ஒன்றும் தொலையவில்லை, அதுதான் வினை. மோடம் எதையும் விடாமல் வரிசையில் பிடித்து வைத்திருக்கிறது. 64 கிலோபைட் வரிசை என்றால் 512 கே.பி.பி.எஸ்.இல் அதை வடிக்க ஒரு முழு நொடி. பாட்டியின் குரல் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. வெளிநாட்டில் இதற்கு பஃபர்புளோட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பாஷையில் வாய்க்கால் கட்டிக்கிடக்கிறது.

மோடத்தின் வரிசையை நம்மால் ஒழுங்குபடுத்த முடியாது. ஆனால் வரிசையை மோடத்தில் உண்டாகவே விடாமல் நம் கைக்குள் கொண்டுவரலாம். மூலையில் கிடந்த பென்டியம் 4 பெட்டியில் லினக்ஸ் போட்டு, மோடத்தை பிரிட்ஜ் (வெறும் பாலம்) ஆக்கி, அந்தப் பெட்டியை நடுவில் வைத்தேன். எச்.டி.பி. என்று ஒரு ஷேப்பர். வெளியே போவதைக் கம்பியின் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே நிறுத்திவிட்டால் மோடம் எப்போதும் காலி, வரிசை என் பெட்டியில். என் பெட்டியில் பாட்டிக்கு முதல் இடம், ரசீதுக்கு இரண்டாவது, பையனுக்கு மிச்சம்.

512-இல் 95 சதவீதம், 486 என்று வைத்தேன். பலன் பூஜ்யம். பிங் அதே 1000.

08.07.2013

பையன் யார் என்று கேட்காதீர்கள். வாடிக்கையாளர்.

09.07.2013

85 சதவீதத்துக்கு இறக்கினேன், 435. இப்போது பிங் 60-க்குள் நிற்கிறது. பாட்டி சந்தோஷம்.

95 ஏன் தோற்றது என்று ராத்திரி படுத்தபின் புரிந்தது. என் பெட்டி பாக்கெட்டை எண்ணுகிறது, மோடம் செல்லை எண்ணுகிறது. பெட்டி 486 என்று நினைத்து விடுவது மோடத்தில் செல் ஆனதும் 552. கம்பி தாங்குவது 512. தினமும் 40 மூட்டை அதிகம் அனுப்பிவிட்டு குடோன் ஏன் நிறைகிறது என்று கேட்டிருக்கிறேன். 435 செல் ஆனால் 495, அடங்குகிறது.

ஆனால் இதுவும் முழு வெற்றி இல்லை. நாலு பேர் ஒரே நேரத்தில் பெரிதாக இறக்கினால் திரும்பவும் தடுமாறுகிறது. ரசீது வெள்ளம். பெட்டி அதை 40 பைட்டாக எண்ண, கம்பியில் அது 106. ஒரே சதவீதத்தை வைத்து இதற்குப் பரிகாரம் இல்லை.

20.07.2013

பரிகாரம் இருந்தது. நான்தான் பார்க்கவில்லை. லினக்ஸின் டி.சி. கட்டளையிலேயே "லிங்க்லேயர் ஏ.டி.எம்., ஓவர்ஹெட் 40" என்று சொல்லிவிட முடியும். அதன்பிறகு பெட்டி ஒவ்வொரு பாக்கெட்டோடும் 40 கூட்டி, 48-ஆல் வகுத்து, மேல்முழுவாக்கி, 53-ஆல் பெருக்கி எண்ணுகிறது. நான் ஜூன் 16 இரவு கையால் போட்ட அதே கணக்கு. 512-க்கு 500 என்று வைத்துவிட்டேன். பெரியது போனாலும் சின்னது போனாலும் மோடம் காலியாகவே இருக்கிறது. 85-இல் இழந்ததும் திரும்பக் கிடைத்துவிட்டது.

ஐ.பி. போன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஜி.711 என்ற குரல் முறையில் பேச்சு 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், 200 பைட். சுமையோடு 240. ஐந்து செல், ஒரு பைட்கூட மிச்சமில்லை! நொடிக்கு 50 பாக்கெட், 106 கே.பி.பி.எஸ். "64 கே. குரல்" என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி இடம் ஒதுக்காதீர்கள். குரலை இன்னும் சுருக்கும் ஜி.729 என்றால் மூன்று செல், 63.6. அட்டையில் 8 என்று இருக்கும்.

21.07.2013

பாபநாசம் அண்ணனுக்கு: உங்களுக்கு இதெல்லாம் வேண்டாம். மோடத்தில் பி.வி.சி. 1-ஐ மூடுங்கள், பி.வி.சி. 0-இல் 0/35, எல்.எல்.சி., யு.பி.ஆர். டி.எஸ்.எல். விளக்கு நின்று எரிந்து இன்டர்நெட் விளக்கு மட்டும் வரவில்லை என்றால், டயக்னாஸ்டிக்ஸ் பக்கத்தில் ஓ.ஏ.எம். எஃப்5 பிங் என்று ஒன்று இருக்கும், அழுத்துங்கள். சிங்க் (மோடமும் எக்ஸ்சேஞ்சும் கைகுலுக்கி டி.எஸ்.எல். விளக்கு நின்று எரிவது) இருந்து அது தோற்றால் முதலில் தட எண்ணைப் பாருங்கள், பிறகு எக்ஸ்சேஞ்ச் பக்கம் கேளுங்கள். அது ஜெயித்தால் தடம் சரி. யூசர்நேம், பாஸ்வேர்டில் தேடுங்கள்.

12.11.2013

ஐந்து நாளாக மழை. பிங் திரும்பவும் 1500.

முதலில் லினக்ஸ் பெட்டியைத் திட்டினேன். பிறகு கேபிளைத் திட்டினேன். கடைசியில்தான் மோடத்தின் சிங்க் வேகத்தைப் பார்த்தேன். 384. ஜாயிண்ட்டில் தண்ணீர் இறங்கி, இரைச்சல் கூடி, மோடம் தானாகவே குறைந்த வேகத்தில் கைகுலுக்கியிருக்கிறது. என் பெட்டியோ 500 விட்டுக்கொண்டே இருக்கிறது. ஆற்றில் வரத்து குறைந்தது தெரியாமல் பழைய முறை அட்டவணைப்படி ஷட்டரைத் திறந்து வைத்த கதை.

ஷேப்பிங்கின் பெரிய பலவீனம் இது. ஜூலையில் நான் வெற்றி முரசு கொட்டும்போது நினைக்கவே இல்லை. எண் நிலையானது, கம்பி நிலையானது இல்லை. இப்போதைக்கு 370 என்று வைத்திருக்கிறேன். மழை விட்டதும் மோடத்தை ஒருமுறை அணைத்துப் போட்டு, 512 வந்தால் ஏற்றிக்கொள்ளலாம்.

மாமனார் ஆற்றுப் பாசனத்தில் லஸ்கராக (மதகு பார்க்கும் ஊழியர்) இருந்து ஓய்வு பெற்றவர். இந்தக் கதையைச் சொன்னேன். "காலையில ஸ்கேலைப் பார்க்காம ஷட்டரைத் தொடுவியா நீ?" என்றார். மனுஷர் மோடத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

13.11.2013

கடை திறந்ததும் முதல் வேலை: சாமி படத்துக்கு ஊதுபத்தி, அப்புறம் சிங்க் வேகம். சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.

02.03.2014

காலண்டர் கணக்கைப் புரட்டினேன். மழைக்காலம் தவிர எண் பெரும்பாலும் 512-தான், ஆனால் மத்தியானம் எதிர்க்கடையில் வெல்டிங் ஓடும் நாட்களில் இணைப்பு அறுந்து திரும்ப வரும்போது கீழே இறங்கியிருக்கிறது. மன்னார்குடிக்காரர் ஒரு ஸ்கிரிப்ட் அனுப்பினார், மோடத்துக்குள் டெல்நெட்டில் போய் வேகத்தைப் படித்து ஷேப்பரை மாற்றிவிடும். ஓடுகிறது. ஆனாலும் சுவரில் எழுதுவதை விடவில்லை.

லைன்மேனிடம் 512 செல் கதையைச் சொல்லிவிட்டேன். சிரித்தார். ஒரு டீ அவர் வாங்கிக் கொடுத்தார்.

24.08.2018

இந்த இழையை இன்னும் யாரோ படிக்கிறார்கள். முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் மதகுகள் உடைந்த செய்தியைப் போட்டு "உங்கள் போலீசிங் என்ன ஆயிற்று" என்று அணைக்கரை நண்பர் கேட்டிருக்கிறார். ஐந்து வருஷம் காத்திருந்து அடித்திருக்கிறார். பதில் இல்லை.

19.12.2018

கஜா வந்து ஒரு மாசம் ஆகிறது. நவம்பர் 16 விடியலில் வேதாரண்யம் பக்கம் கரையேறியது, எங்கள் தெருவில் தென்னை ஒன்றும் நிமிர்ந்து நிற்கவில்லை. கம்பத்தோடு போன செப்புக் கம்பி எங்கே போனதென்று தெரியவில்லை. யாரும் தேடவும் இல்லை. கடையில் ஜெனரேட்டரில் செல்போன் சார்ஜ் போட்டுக் கொடுத்துதான் இந்த மாசம் ஓடியது. பிரவுசிங்குக்கு யார் வருகிறார்கள்?

10.06.2019

ஃபைபர் வந்துவிட்டது. பி.வி.சி. இல்லை, செல் வரியும் இல்லை. ஆனால் எண் மட்டும் விடவில்லை. வி.பி.ஐ., வி.சி.ஐ. போய் வி-லேன் எண் வந்திருக்கிறது, இரண்டு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற சட்டம் அப்படியே. மேலேற்றும் பக்கம் 1.244 கிகாபிட்டை ஒரே இழையில் உள்ள வீடுகள் எல்லாம் முறை வைத்துப் பங்கு போட்டுக்கொள்கின்றன. முறைப்பாசனம் இல்லாமல் எதுவும் ஓடாது போல.

பழைய மோடத்தை வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும் தங்கச்சி மகனிடம் கொடுத்தேன். அங்கே செப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. சி.டி.யில் பேக்கப் கோப்பும் போட்டுக் கொடுத்தேன், எண்களை அவன் தேட வேண்டாமே என்று.

15.06.2019

பையன் போன் பண்ணினான். "மாமா, இறங்குறது பரவாயில்ல. ஏத்துறதுதான் 200-ஐத் தாண்ட மாட்டேங்குது. எக்ஸ்சேஞ்சுல சொல்லி லைன்மேன் ரெண்டு தடவை வந்துட்டார்."

பேக்கப் எடுத்த தேதியைப் பார்த்தேன். 2012.

"பி.சி.ஆர்.னு ஒரு கட்டம் இருக்கும் பாருடா, அதுல என்ன இருக்கு?"

"512, மாமா."